ஆப்ஜெக்டை ஜேசனாக்கும்போது ஃபீல்டு பெயர்களை எப்படி மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நிரல்மொழிகள் ஒரே தரவை ஜேசன் என்ற உரை வடிவத்தில் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் எல்லாம், ஃபீல்டு பெயர் பொருந்தாத இந்தச் சிக்கல் வரும். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஒரு செட்டிங்கை மாற்றினால் தீர்ந்துவிடும் என்றுதான் தோன்றும். பாதி நேரம் அப்படித் தீரவும் செய்யும். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பக்கம்.

படிக்கும் முன் ஒரு சிறு ஏற்பாடு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அதனால் நிரலில் பெரிய எழுத்து வரும் இடத்துக்கு முன்னால் ஒரு நடுப்புள்ளி வைக்கிறேன். ஃபர்ஸ்ட்·நேம் என்றால் இரண்டாவது சொல் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. ·ஃபர்ஸ்ட்·நேம் என்றால் இரண்டு சொற்களும் அப்படித் தொடங்குகின்றன. அடிக்கோடு மட்டும் அடிக்கோடாகவே இருக்கும்: ஃபர்ஸ்ட்_நேம்.

ஒரே ஃபீல்டுக்கு ஏன் இரண்டு பெயர் தேவைப்படுகிறது?

ஒவ்வொரு மொழிக்கும் அதன் சமூகம் வகுத்துக்கொண்ட பெயர்ப் பழக்கம் உண்டு. பைத்தானில் 2001இல் வந்த பெப் 8 வழிகாட்டி, மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் ஸ்னேக் கேஸ், அதாவது யூசர்_நேம் போல எழுதச் சொல்கிறது. ரஸ்ட், ரூபி ஆகியவற்றிலும் அதே பழக்கம்தான். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ஸ்விஃப்ட் மூன்றும் கேமல் கேஸ், யூசர்·நேம் போல. சி ஷார்ப்பில் பிராப்பர்ட்டி பெயர்கள் பாஸ்கல் கேஸ், ·யூசர்·நேம் போல. கோ மொழியில் இது வெறும் பழக்கமாக நிற்கவில்லை, மொழியின் விதியாகவே இருக்கிறது. பெரிய எழுத்தில் தொடங்காத ஃபீல்டு பேக்கேஜுக்கு வெளியே தெரியாது, ஜேசனிலும் வராது.

டேட்டாபேஸ் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் மேற்கோள் குறி இல்லாத பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தாக்கிவிடும். டேபிளின் நெடுவரிசைக்கு யூசர்·நேம் என்று பெயர் எழுதினால் உள்ளே யூசர்நேம் ஆகிவிடும், சொல் எங்கே பிரிகிறது என்பதே தெரியாது. அதனால்தான் நெடுவரிசைப் பெயர்களில் ஸ்னேக் கேஸ் நிலைத்துவிட்டது.

ஜேசனுக்கு இதில் எந்தப் பக்கமும் கிடையாது. 2017இல் வெளியான அதன் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 8259, ஃபீல்டு பெயரை வெறும் சரமாகத்தான் பார்க்கிறது. யூசர்_நேம், யூசர்·நேம் இரண்டும் அதற்கு முற்றிலும் வேறான இரண்டு பெயர்கள். ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வேலையை நாம்தான் செய்யவேண்டும்.

அப்படியானால் வெளியே போகும் தரவுக்கு எந்தப் பாணி சரி?

எதுவானாலும் சரி, ஒன்றாக இருந்தால் போதும். கிட்ஹப், ஸ்ட்ரைப் ஏபிஐகள் (பிற நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்கள்) ஸ்னேக் கேஸ். குபெர்னெட்டிஸ் கேமல் கேஸ். கூகுளின் ஜேசன் ஸ்டைல் வழிகாட்டியும் கேமல் கேஸைத்தான் சொல்கிறது. டாக்கர் எஞ்சின் ஏபிஐ பாஸ்கல் கேஸில் இருக்கிறது. எல்லாமே நன்றாக ஓடுகின்றன.

என் கருத்து இது: ஏபிஐயை அதிகம் பயன்படுத்தப்போகிறவர்கள் யாரோ, அவர்கள் மொழியின் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போகிற பெயர் ஓர் ஒப்பந்தம். அதை நம்பி உங்களுக்குத் தெரியாத யாரோ நிரல் எழுதியிருப்பார். உள்ளே கிளாஸில் இருக்கும் பெயர் உங்கள் சொந்த வசதிக்கு, அதை நாளைக்கே மாற்றலாம். இந்த இரண்டையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் கீழே வரும் பெரும்பாலான முடிவுகள் எளிதாகிவிடும்.

கெபாப் கேஸை (யூசர்-நேம் போல) மட்டும் ஜேசன் ஃபீல்டுகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் வரும் கோட்டை ஜாவாஸ்கிரிப்ட் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சதுர அடைப்புக்குறி போட்டுத்தான் ஃபீல்டை எடுக்க முடியும்.

பெயரை எந்த இடத்தில் மாற்றவேண்டும்?

ஆப்ஜெக்டை ஜேசனாக்கும் சீரியலைசரில், ஒரே ஓர் இடத்தில். கிளாஸுக்குள் மொழியின் பழக்கப்படி பெயர் வையுங்கள். ஆப்ஜெக்ட் ஜேசனாக மாறும் அந்தக் கணத்தில் பெயரும் மாறட்டும்.

இதற்குப் பதிலாக இரண்டு வழிகளைப் பலர் எடுக்கிறார்கள். ஒன்று, கிளாஸிலேயே வெளிப்பெயரை எழுதிவிடுவது, அதாவது ஜாவா கிளாஸுக்குள் யூசர்_நேம். நாலைந்து ஃபீல்டு இருக்கும் சின்ன ஸ்கிரிப்டில் இது தப்பில்லை. பெரிய நிரலில் பெயர்ப் பழக்கத்தைச் சரிபார்க்கும் லிண்டர் கத்தும், படிப்பவருக்கும் உறுத்தும். இன்னொன்று, தயாரான ஜேசனை எடுத்து அதன் எல்லாக் கீகளையும், அதாவது மதிப்புகளுக்கு முன்னால் நிற்கும் பெயர்களையும், ஆழமாகப் போய் மாற்றும் ஃபங்ஷனை எழுதுவது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இதற்கென்றே ஹம்ப்ஸ், கேமல்கேஸ்-கீஸ் போன்ற பேக்கேஜ்கள் உண்டு. வசதியானதுதான். ஆனால் அந்த ஃபங்ஷனுக்கு டைப் தெரியாது. எந்தக் கீ ஃபீல்டு பெயர், எந்தக் கீ தரவு என்று அதால் பிரித்துப் பார்க்க முடியாது. அதன் விளைவு என்ன என்பது கீழே டிக்‌ஷனரி பற்றிய கேள்வியில் வருகிறது.

என் மொழியில் இதற்கு என்ன இருக்கிறது?

ஜாவாவில் ஜாக்சன் என்ற ஜேசன் லைப்ரரியைப் பயன்படுத்தினால், ஆப்ஜெக்ட் மேப்பரில் பிராப்பர்ட்டி நேமிங் ஸ்ட்ராட்டஜியை ஸ்னேக் கேஸ் என்று வைத்தால் போதும். 2.12 பதிப்பிலிருந்து இந்த மாறிலிகள் பெயரின் கடைசிச் சொல் பன்மையில் இருக்கும் புதிய கிளாஸுக்குப் போய்விட்டன. பழைய கிளாஸில் இருந்தவை கைவிடப்பட்டதாகக் குறிக்கப்பட்டன. ஒரு கிளாஸுக்கு மட்டும் வேண்டுமானால் ஜேசன் நேமிங் அனோட்டேஷன், ஒரு ஃபீல்டுக்கு மட்டும் ஜேசன் பிராப்பர்ட்டி அனோட்டேஷன். கைப்பட எழுதிய பெயர் இருந்தால் ஸ்ட்ராட்டஜி அதைத் தொடாது. ஜாவாவின் இன்னொரு லைப்ரரியான ஜிசானில் இதற்கு ஃபீல்டு நேமிங் பாலிசி, தனி ஃபீல்டுக்கு சீரியலைஸ்டு நேம்.

சி ஷார்ப் ஓடும் டாட்நெட்டின் சொந்த லைப்ரரியான சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனில் தொடக்கத்திலிருந்து வெகுநாள் கேமல் கேஸ் ஒன்றுதான் தயாராக இருந்தது. ஸ்னேக் கேஸும் கெபாப் கேஸும் 2023இல் வந்த டாட்நெட் 8இல்தான் சேர்ந்தன. அதற்கு முந்தைய நிரல்களில் யாரோ எழுதி வைத்த ஸ்னேக் கேஸ் பாலிசி இருந்தால் அவசரப்பட்டு நீக்காதீர்கள். எண்களையும் சுருக்கப் பெயர்களையும் அது வேறு மாதிரி பிரித்துக்கொண்டிருக்கலாம்.

பைத்தானில் பைடான்டிக் 2 லைப்ரரி என்றால் மாடல் கான்ஃபிகில் அலையஸ் (மாற்றுப்பெயர்) ஜெனரேட்டராக டு_கேமல் கொடுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அலையஸ் கொடுத்துவிட்டாலே வெளியே போகும் பெயர் மாறிவிடாது. மாடல்_டம்ப் கூப்பிடும்போது பை_அலையஸ் ட்ரூ என்று சொல்லவேண்டும். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வெப் ஃபிரேம்வொர்க் வழியாகப் போனால் ரெஸ்பான்ஸில் அலையஸ் தானாகவே வரும். அதே மாடலை நீங்களே டம்ப் செய்து கேஷில் வைத்தால் வராது. ஒரே மாடல் இரண்டு இடத்தில் இரண்டு பெயரோடு தெரிவதற்குக் காரணம் இதுதான். பைத்தான் நிரலுக்குள்ளிருந்து ஸ்னேக் கேஸ் பெயரிலேயே ஆப்ஜெக்ட் உருவாக்க வேண்டும் என்றால் பாப்புலேட்_பை_நேம் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள்.

ரஸ்ட்டில் செர்டி லைப்ரரியின் ரீநேம்_ஆல் ஒரு வரியில் வேலையை முடித்துவிடும். எல்லாம் கம்பைல் ஆகும்போதே நடந்துவிடுவதால் ஓடும்போது செலவே இல்லை. ஈனம் (enum, குறிப்பிட்ட சில வேரியன்ட்களில் ஒன்றாக மட்டும் இருக்கக்கூடிய டைப்) மேல் போட்டால் மட்டும் கவனம் தேவை. அது வேரியன்ட்களின் பெயரை மாற்றும், வேரியன்டுக்குள் இருக்கும் ஃபீல்டுகளைத் தொடாது. அவற்றுக்கு ரீநேம்_ஆல்_ஃபீல்ட்ஸ் தனியாக உண்டு.

கோவின் வழக்கமான ஜேசன் பேக்கேஜில் மொத்தமாக மாற்றும் வசதி கிடையாது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பக்கத்தில் அதன் ஜேசன் பெயரைச் சொல்லும் டேக் எழுதவேண்டும். அலுப்பாக இருக்கும், ஆனால் நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. வெளியே போகும் பெயர் கண் முன்னே எழுதியிருக்கும், தேடினால் கிடைக்கும்.

ஸ்விஃப்ட்டில் 4.1 முதல் ஜேசன் என்கோடருக்கும் டிகோடருக்கும் ஸ்னேக் கேஸ் ஸ்ட்ராட்டஜி இருக்கிறது. அதன் ஓட்டை அடுத்த கேள்வியில்.

ஸ்னேக்கிலிருந்து கேமலுக்கு மாற்றித் திரும்ப மாற்றினால் அதே பெயர் வருமா?

வரும் என்று நம்பித்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரணம் சுருக்கப் பெயர்கள். ஸ்விஃப்ட்டில் ஒரு ஃபீல்டுக்கு இமேஜ்·யூ·ஆர்·எல் என்று பெயர், கடைசி மூன்று எழுத்தும் பெரியவை. வெளியே போகும்போது இமேஜ்_யூஆர்எல் ஆகிறது, சரி. உள்ளே வரும்போது இமேஜ்·யூஆர்எல் ஆகிறது, ஒரே ஒரு பெரிய எழுத்தோடு. கிளாஸில் அப்படி ஒரு ஃபீல்டே இல்லை. எந்தச் சொல் சுருக்கப் பெயர் என்ற தகவல் ஸ்னேக் கேஸில் தொலைந்துபோகிறது, திரும்ப ஊகிக்க வழியில்லை. ஆப்பிளின் ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்கிறது. தீர்வு இரண்டு: ஃபீல்டுக்கே இமேஜ்·யூஆர்எல் என்று பெயர் வைப்பது, அல்லது ஃபீல்டுகளின் ஜேசன் பெயர்களைப் பட்டியலிடும் கோடிங் கீஸில் அந்த வடிவத்தைக் கைப்பட எழுதுவது. கோடிங் கீஸில் இமேஜ்_யூஆர்எல் என்று எழுதினால் வேலை செய்யாது. டிகோடர் ஜேசன் கீயை முதலில் மாற்றிவிட்டு, பிறகுதான் ஒப்பிடுகிறது.

இதில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வழி. ஏ·யூ·ஆர்·எல் என்ற பெயரை ஜிசான் ஏ_யூ_ஆர்_எல் ஆக்கும். ஜாக்சன் தொடர்ந்து வரும் பெரிய எழுத்துகளை ஒரே சொல்லாக எடுத்து ஏ_யூஆர்எல் ஆக்கும். ஆனால் அதே ஜாக்சன் யூசர்·யூ·ஆர்·எல்·பாத் என்பதை யூசர்_யூஆர்எல்பாத் ஆக்கிவிடும். யூஆர்எல் எங்கே முடிகிறது, பாத் எங்கே தொடங்குகிறது என்று அது பார்ப்பதில்லை. ஜிசானிலிருந்து ஜாக்சனுக்கு மாறுகிறவர்கள் இதை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது எண்கள். அட்ரஸ்_லைன்_1 கேமல் கேஸில் அட்ரஸ்·லைன்1 ஆகும். திரும்பும்போது ஜாக்சன் அட்ரஸ்_லைன்1 என்று கொடுக்கும், ஏனென்றால் எண்ணுக்குப் பெரிய எழுத்து கிடையாது. பைடான்டிக்கின் டு_ஸ்னேக் அட்ரஸ்_லைன்_1 என்று கொடுக்கும். இரண்டு சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசினால் அந்த ஒரு ஃபீல்டு மட்டும் காணாமல் போகும்.

மூன்றாவது மோதல். ஒரே கிளாஸில் யூசர்_நேம், யூசர்·நேம் இரண்டும் இருந்தால் மாற்றிய பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். அரிதுதான். ஆனால் பெயர் மாற்றம் பாதியில் நின்றுபோன பழைய நிரலில் நடக்கும்.

என் வழக்கம்: எண், சுருக்கப் பெயர், முன்னால் அடிக்கோடு இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த ஃபீல்டின் வெளிப்பெயரைக் கைப்பட எழுதிவிடுவேன். மற்றவை தானாக மாறட்டும்.

ஜாவாவில் எக்ஸ்·கோஆர்ட் என்ற ஃபீல்டு எக்ஸ்கோஆர்ட் என்று வருகிறது. ஏன்?

ஜாக்சன் ஃபீல்டைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, கெட்டரை, அதாவது ஃபீல்டின் மதிப்பைத் தரும் மெதடைப் பார்த்து வைக்கிறது. கெட்டர்களைத் தானாக எழுதித்தரும் லாம்போக் உருவாக்கும் கெட்டரில், கெட் என்ற முன்சொல்லுக்குப் பின்னால் எக்ஸும் அடுத்த எழுத்தும் இரண்டுமே பெரிய எழுத்தாக இருக்கும். ஜாக்சன் முன்னால் தொடர்ந்து வரும் பெரிய எழுத்துகளை எல்லாம் சிறிதாக்குகிறது. அதனால் பிரிவு அழிந்துவிடுகிறது. முதல் சொல் ஒரே எழுத்தாக இருக்கும் பெயர்களில்தான் இது நடக்கும். பெயரைக் கைப்பட எழுதுங்கள், அல்லது முதல் சொல்லை நீளமாக வையுங்கள். ஈஸ்·ஆக்டிவ் என்ற பூலியன் கெட்டர் ஜேசனில் வெறும் ஆக்டிவ் என்று வருவதற்கும் காரணம் இதே கெட்டர் வழிதான்.

டிக்‌ஷனரி கீகளையும் மாற்றவேண்டுமா?

வேண்டாம். கீ என்பது ஃபீல்டு பெயரா, தரவா என்பதுதான் இங்கே கேள்வி. கிளாஸின் ஃபீல்டு நீங்கள் வைத்த பெயர். டிக்‌ஷனரியின் கீ பெரும்பாலும் யாரோ கொடுத்த தரவு.

மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கும் ஒரு டிக்‌ஷனரியை எடுத்துக்கொள்ளுங்கள். கீயாக இருப்பது மொழிக் குறியீடு, டிஏ_ஐஎன் என்பது போல. கேமல் கேஸாக்கினால் நடுவில் இருந்த அடிக்கோடு போய்விடும், குறியீடு செல்லாததாகிவிடும். என்விரான்மென்ட் மாறிகளைக் கீயாக வைத்திருந்தால் டேட்டாபேஸ்_யூஆர்எல் சிதைந்து, அதைத் தேடும் நிரல் கண்டுபிடிக்காது. குபெர்னெட்டிஸ் ஆப்ஜெக்ட்களில் ஃபீல்டுகள் கேமல் கேஸ், லேபிள்களின் கீகள் பயனர் எழுதியவை. இரண்டும் ஒரே ஜேசனுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆழமாகப் போய் எல்லாவற்றையும் மாற்றும் ஃபங்ஷன் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

ஜாக்சனின் ஸ்ட்ராட்டஜி மேப் கீகளைத் தொடுவதில்லை. சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனில் டிக்‌ஷனரி கீ பாலிசி தனி, நீங்கள் கொடுக்காவிட்டால் கீகள் அப்படியே இருக்கும். டாட்நெட்டின் இன்னொரு ஜேசன் லைப்ரரியான நியூட்டன்சாஃப்ட்டில் கேமல்கேஸ் பிராப்பர்ட்டி நேம்ஸ் கான்ட்ராக்ட் ரிசால்வர் என்ற கிளாஸ் மட்டும் டிக்‌ஷனரி கீகளையும் மாற்றிவிடும். அந்த இடத்தில் நேமிங் ஸ்ட்ராட்டஜியைத் தனியாகக் கொடுத்து, கீகளை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பிழையே வரவில்லை, ஆனால் ஃபீல்டு காலியாக இருக்கிறது. எங்கே பார்ப்பது?

பெயர் பொருந்தவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுங்கள். பல லைப்ரரிகள் தெரியாத ஃபீல்டை மௌனமாக விட்டுவிடும். கோ அப்படித்தான். அது பெரிய சிறிய எழுத்து வேறுபாட்டை மன்னித்துப் பொருத்தும், ஆனால் அடிக்கோட்டை மன்னிக்காது. டேக் இல்லாத ·யூசர்·நேம் ஃபீல்டுக்கு யூசர்_நேம் வந்தால் காலிச் சரம்தான் மிஞ்சும். ஜாக்சன் 2 தனியாக இருந்தால் தெரியாத ஃபீல்டுக்குப் பிழை எறியும். ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க்குக்குள் இருந்தால் அந்தக் கண்டிப்பு அணைக்கப்பட்டிருக்கும். டாட்நெட்டிலும் வழக்கமாக மௌனம்தான், டாட்நெட் 8 முதல் கண்டிப்பாக இருக்கச் சொல்லலாம். செர்டியில் டினை_அன்னோன்_ஃபீல்ட்ஸ் உண்டு.

கண்டிப்பை டெஸ்ட்களிலாவது இயக்கி வையுங்கள். வெளியாட்களின் ஏபிஐயைப் படிக்கும் உற்பத்தி நிரலில் மட்டும் வேண்டாம். அவர்கள் புதிய ஃபீல்டு ஒன்றைச் சேர்த்த அன்றே உங்கள் நிரல் விழும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பாலிசி வைத்தேன், லாகின் உடைந்துவிட்டது. ஏன்?

சில பெயர்கள் உங்களுடையவை அல்ல. ஆர்எஃப்சி 6749, அதாவது லாகின் அனுமதிக்கான ஓஆத் 2.0 தரநிலை, டோக்கன் ரெஸ்பான்ஸில் ஆக்சஸ்_டோக்கன், டோக்கன்_டைப், எக்ஸ்பயர்ஸ்_இன் என்று அப்படியே எழுதச் சொல்கிறது. அதன் மேல் எழுந்த அடையாளத் தரநிலையான ஓபன்ஐடி கனெக்ட்டில் கிவன்_நேம், ஃபேமிலி_நேம். நிரல் முழுக்கக் கேமல் கேஸ் பாலிசி போட்டால் இவையும் மாறும், எதிர்ப்பக்கத்து லைப்ரரிக்கு ஒன்றும் புரியாது. தரநிலை வகுத்த பெயர் எதுவாக இருந்தாலும் அந்தக் கிளாஸில் கைப்பட எழுதிப் பூட்டுங்கள்.

ஈனம் மதிப்புகளும் மாறுமா?

பெரும்பாலும் மாறாது. அவை பெயர் அல்ல, மதிப்பு. ஜாக்சனின் ஸ்ட்ராட்டஜிக்கு அவை வெளியே. டாட்நெட்டில் ஈனத்தைச் சரமாக்கும் கன்வர்ட்டருக்குத் தனியாகப் பாலிசி கொடுக்கவேண்டும்.

பெயர் மாற்றும் ஃபங்ஷனை நானே எழுதலாமா?

எழுதலாம், சிறிய எழுத்தாக்கும் இடத்தில் மட்டும் கவனம். ஜாவாவில் டு·லோயர்·கேஸ், கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து நடக்கும். துருக்கிய மொழி அமைப்பில் பெரிய ஐ எழுத்து புள்ளியில்லாத சிறிய எழுத்தாக மாறும். யூசர்_ஐடி என்று நினைத்தது வேறு பெயராகிவிடும், அதுவும் அந்தக் கணினிகளில் மட்டும். எந்த மொழியையும் சாராத லோகேல் ரூட் கொடுங்கள். சி ஷார்ப்பில் ·டு·லோயர்·இன்வேரியன்ட் இதற்குத்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் ரிலீஸ் பில்டில் மட்டும் ஃபீல்டுகள் ஏ, பி என்று போகின்றன. இது நேமிங் பாலிசியின் வேலையா?

இல்லை, ஆண்ட்ராய்டின் நிரல் சுருக்கும் கருவியான ஆர்8 செய்கிற வேலை. நிரலைச் சுருக்கும்போது அது ஃபீல்டு பெயர்களைச் சின்னதாக்குகிறது. ஜிசான் ஓடும்போது அந்தப் புதிய பெயரைப் பார்த்து எழுதுகிறது. டீபக் பில்டில் எல்லாம் சரியாக இருக்கும் என்பதால் கண்ணில் படாது. ஜேசனாகப் போகும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் சீரியலைஸ்டு நேம் எழுதுங்கள், கீப் விதிகளையும் சரிபாருங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏபிஐயின் பாணியை மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். முதலில் இரண்டு பெயரையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். ஜாக்சனில் ஜேசன் அலையஸ், ஜிசானில் சீரியலைஸ்டு நேமின் ஆல்டர்நேட், செர்டியில் அலையஸ் எல்லாம் இதற்குத்தான். அது எல்லா இடத்திலும் ஓடத் தொடங்கிய பிறகு எழுதும் பெயரை மாற்றுங்கள். வெளியாட்கள் பயன்படுத்தும் ஏபிஐ என்றால் புதிய பதிப்பாகவே வெளியிடுங்கள், அவர்கள் பக்கம் நீங்கள் அலையஸ் போட முடியாது.

பலர் மறப்பது, ஏபிஐயைத் தாண்டி வேறு இடங்களிலும் அதே ஜேசன் உட்கார்ந்திருக்கிறது என்பதை. ரெடிஸ் கேஷ், மெசேஜ் க்யூ, டேட்டாபேஸின் ஜேசன் நெடுவரிசை, லாக்குகளைத் தேடும் டாஷ்போர்டு. நேற்று க்யூவில் போட்ட செய்தியில் பழைய பெயர் இருக்கும், இன்று அதைப் படிக்கும் நிரல் புதிய பெயரைத் தேடும்.

கூகுளின் தரவு வடிவமான புரோட்டோபஃப் இதை நன்றாக யோசித்துச் செய்திருக்கிறது. புரோட்டோ கோப்பில் ஸ்னேக் கேஸ், ஜேசனில் கேமல் கேஸ், படிக்கும்போது இரண்டையும் ஏற்கும். பைனரி வடிவத்தில் பெயரே போவதில்லை, எண் மட்டும்தான். ஆகவே அங்கே ஃபீல்டு பெயரை மாற்றுவது பைனரியை உடைக்காது, ஜேசனை உடைக்கும்.

பாலிசி போட்ட பிறகும் சில இடங்களில் பழைய பெயரே வருகிறதே?

ஜேசன் பாலிசி ஜேசனுக்கு மட்டும்தான். யூஆர்எல்லில் வரும் க்வெரி பாராமீட்டர்களை வேறு நிரல்பகுதி படிக்கிறது, அதற்குத் தனியாகச் சொல்லவேண்டும். வேலிடேஷன் பிழைகளும் அப்படியே. பயனர் அனுப்பியது ஃபர்ஸ்ட்·நேம், பிழைச் செய்தி ·ஃபர்ஸ்ட்·நேம் தவறு என்று சொன்னால் திரையில் எந்தப் பெட்டியைச் சிவப்பாக்குவது என்று முன்பக்கத்துக்குத் தெரியாது. ஏஎஸ்பி டாட்நெட் கோரில் 7ஆம் பதிப்பில் ஜேசன் பெயரையே பிழையில் காட்டும் வசதி வந்தது, அதையும் நீங்கள்தான் இயக்கவேண்டும்.

இதனால் வேகம் குறையுமா?

சீரியலைசர் வழியாகச் செய்தால் கவலை வேண்டாம். ஜாக்சனும் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனும் ஒரு டைப்புக்கு ஒருமுறை பெயரைக் கணக்கிட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். ஜேசன் முழுவதையும் நடந்து கீகளை மாற்றும் ஃபங்ஷன் மட்டும் ஒவ்வொரு முறையும் முழு வேலையைச் செய்யும்.

எப்படி டெஸ்ட் எழுதுவது?

ஆப்ஜெக்டை ஜேசனாக்கி, அதைத் திரும்ப ஆப்ஜெக்டாக்கி, இரண்டும் சமமா என்று பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு திசையிலும் ஒரே தவறு நடந்தால் அந்த டெஸ்ட் தேறிவிடும். எதிர்பார்க்கும் ஜேசனை ஒரு கோப்பில் கைப்பட எழுதி ரெப்போவில் வையுங்கள். வெளியே போவது அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா, அதைப் படித்தால் எல்லா ஃபீல்டும் நிரம்புகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். அந்தக் கோப்பில் எண் உள்ள பெயர் ஒன்று, சுருக்கப் பெயர் ஒன்று, தன் கீயில் அடிக்கோடு உள்ள டிக்‌ஷனரி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். எந்த ஃபீல்டுக்கும் பூஜ்யமோ காலிச் சரமோ கொடுக்காதீர்கள், அப்படிக் கொடுத்தால் ஃபீல்டு தொலைந்ததையும் உண்மையான மதிப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது. லைப்ரரியின் பதிப்பை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்த டெஸ்ட் ஓடவேண்டும்.